கோட்டைக்குள் வந்த ஆர்மடில்லோ

இன்று அக்டோபர் 31. அமெரிக்காவில் ஹாலோவீன் இரவு. சென்ற வாரம் எனக்கு வந்த ஒரு மடலுக்கு விடையாகத் தொடங்கிய குறிப்பு, எழுத எழுதக் கட்டுரையாக நீண்டுவிட்டது. திரைப்பட வரலாற்றிலும் பார்வையாளர் ஆய்விலும் ஈடுபட்டுள்ள நண்பர்களுக்கும் மாணவர்களுக்கும் பயன்படக்கூடும் என்பதால் இங்கே பதிகிறேன். மடல் எழுதியவரின் இசைவைப் பெற்றிருக்கிறேன். அவர் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். பதிவு நீளமானது. பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.

முனைவர் பட்ட ஆய்வுக்காக நான் சில மாதங்கள் ஓஹையோ மாநிலத்தின் கிளீவ்லாந்து நகரில் தங்கியிருந்தேன். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்களான ஒரு முதிய தம்பதியின் வீட்டு மாடியறை எனக்கு வாடகைக்குக் கிடைத்தது. ஹாலோவீன் இரவன்று அவர்கள் வாசல் விளக்கை ஏற்றி, கதவருகே ஒரு பெரிய கிண்ணம் நிறைய மிட்டாய்களை வைத்துவிட்டுத் தொலைக்காட்சி முன் அமர்ந்தார்கள். என்னையும் அழைத்தார்கள். யுனிவர்சல் நிறுவனம் 1931இல் வெளியிட்ட ‘டிராகுலா’ ஓடிக்கொண்டிருந்தது. இங்கிலாந்திலிருந்து வந்த ரென்ஃபீல்டு என்பவன் சிதிலமடைந்த கோட்டைக்குள் காலடி வைக்கிறான். எங்கும் ஒட்டடை, புழுதி. தரையில் ஏதோ நகர்கிறது. உற்றுப் பார்த்தால் அது ஆர்மடில்லோ.

நம் எறும்புதின்னியைப் போலவே உடலில் கவசம் பூண்ட, ஆயினும் அதனோடு நெருங்கிய உறவில்லாத விலங்கு அது. அதன் பெயருக்கு ஸ்பானிய மொழியில் ‘கவசமணிந்த குட்டி உயிர்’ என்பது பொருள். அமெரிக்கக் கண்டங்களுக்கு வெளியே அது இயற்கையாக எங்கும் வாழ்வதில்லை. கதை நிகழும் இடமோ கார்பேத்திய மலைகள் சூழ்ந்த டிரான்சில்வேனியா.

அது திரையில் தோன்றியதும் கணவர் மனைவியின் பக்கம் திரும்பாமலே, “வாடகை கேட்டு வந்திருக்கிறார்” என்றார். “கொடுத்தாயிற்று என்று சொல்லிவிடு” என்றார் மனைவி. பின்னர் இருவரும் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மரியாதைக்காக நானும் சிரித்துவைத்தேன்.

மறுநாள் காலை உணவின்போது விளக்கம் கிடைத்தது. 1970களின் தொடக்கத்தில், திருமணமான முதல் ஆண்டில், அவர்கள் ஒரு சிறிய அடுக்ககத்தில் குடியிருந்தார்கள். கணவருக்கு வேலை போயிருந்தது. ஒரு மாத வாடகை பாக்கி. ஹாலோவீன் மாதத்தின் கடைசி நாள். மறுநாள் அடுத்த வாடகையும் சேர்ந்துகொள்ளும். வீட்டு உரிமையாளர் எந்த நேரமும் வந்து நிற்பார் என்ற அச்சத்தில் விளக்குகளை அணைத்துவிட்டு, ஒலியைக் குறைத்து வைத்துத் தொலைக்காட்சியில் ‘டிராகுலா’ பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆர்மடில்லோ தோன்றிய அதே கணத்தில் வாசலில் அழைப்புமணி ஒலித்தது. இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டார்கள். அப்போது ஒருவர் மற்றவரின் காதருகே, வாடகை கேட்டு வந்திருப்பது அந்த விலங்குதான் என்றார். சிரிப்பை அடக்க முடியாமல் இருவரும் தலையணையில் முகம் புதைத்துக்கொண்டார்கள். மணியடித்தது உரிமையாளர் அல்லர், மிட்டாய் கேட்டு வந்த குழந்தைகள் என்பது மறுநாள் தெரிந்ததாம். கொடுப்பதற்கு மிட்டாயும் அன்று வீட்டில் இல்லை.

அன்றுமுதல் அழையாமல் வந்த எதுவும் அவ்வீட்டில் ஆர்மடில்லோ ஆயிற்று. எதிர்பாராத மருத்துவமனைக் கட்டணம், சொல்லாமல் வந்த உறவினர், பருவம் தப்பிய பனிப்பொழிவு, எல்லாம். நான் வாடகைக்கு வந்த நாளில் என்னையும் அவர்கள் அப்பெயரால் குறித்திருந்தார்கள் என்பதைப் பின்னர் அறிந்து மகிழ்ந்தேன்.

அந்த அம்மையார் இவ்வாண்டுத் தொடக்கத்தில் காலமானார். சென்ற வாரம் கணவர் எழுதிய மடலில் ஒரு கேள்வி இருந்தது. அந்த விலங்கு ஏன் அங்கே வந்தது என்று மனைவி ஆண்டுதோறும் கேட்பாராம். இவர் ஒவ்வோர் ஆண்டும் ஒரு பொய்யான காரணம் சொல்வாராம். உண்மையை ஒருபோதும் தேடிப் பார்த்ததில்லையாம். “இந்த ஆண்டு கேட்பதற்கு அவள் இல்லை. அதனால் நான் உன்னிடம் கேட்கிறேன்” என்று முடித்திருந்தார்.

பாரிஸ் நகரத்து அச்சகத் தொழிலாளர்கள் 1730களில் பூனைகளைக் கொன்று சிரித்த நிகழ்வை ஆராய்ந்த ராபர்ட் டார்ன்டன், 1984இல் வெளியான தம் நூலில் ஒரு நெறியை முன்வைத்தார். கடந்த காலத்து மனிதர்கள் எதற்குச் சிரித்தார்கள் என்பது நமக்குப் புரியாத இடத்தில்தான் அந்த அயல் பண்பாட்டுக்குள் நுழையும் வாயில் இருக்கிறது என்பது அவர் கருத்து. அன்று அந்த வரவேற்பறையில் நான் நின்றதும் அப்படியொரு வாயிலில்தான். இருவர் மட்டுமே அறிந்த ஒரு வேடிக்கை பிறப்பதற்கு ஊரறிந்த நிகழ்வுகள் பல ஒன்றுகூட வேண்டியிருக்கிறது. ஒரு பிழையோடு எடுக்கப்பட்ட படம் வேண்டும். அப்படம் திரையரங்கிலிருந்து வீட்டுக்குள் வரவேண்டும். திரையை நோக்கிப் பதில் பேசலாம் என்ற துணிவு பார்ப்பவருக்கு வந்திருக்க வேண்டும். வாசலில் மணியடிக்கும் ஓர் இரவும் வேண்டும். இவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில் படம். ஹாலோவீனுக்கும் ‘டிராகுலா’வுக்கும் தொடக்கத்தில் எந்த உறவும் இல்லை. டப்ளினில் பிறந்த பிராம் ஸ்டோக்கர் 1897இல் வெளியிட்ட நாவலில், ஜானதன் ஹார்க்கர் கோட்டைக்குச் செல்வது மே மாதத்தில், புனித ஜார்ஜ் திருநாளுக்கு முந்தைய இரவில். திரைப்படத்தில் கோட்டைக்குச் செல்பவன் ரென்ஃபீல்டு. அங்கே அந்த இரவு வால்புர்கிஸ் இரவு எனப்படுகிறது. அது ஏப்ரல் 30ஆம் நாள்; ஹாலோவீனிலிருந்து சரியாக ஆறு மாதத் தொலைவு. படம் நியூயார்க்கின் ராக்ஸி திரையரங்கில் முதலில் திரையிடப்பட்டது 1931 பிப்ரவரி 12இல். காதலர் நாளுக்கு இரண்டு நாள் முன்பு. விளம்பரங்களும் அதை ஒரு விசித்திரமான காதல் வேட்கையின் கதையாகவே முன்னிறுத்தின. ஆக, இன்று ஹாலோவீனின் அடையாளமாகிவிட்ட படம் காதல் படமாக விற்கப்பட்ட படம்.

டிராகுலாவாக நடித்த பேலா லுகோசி, அன்றைய அங்கேரி அரசின் லுகோஷ் நகரில் 1882இல் பிறந்தவர். அந்நகரம் இன்று ருமேனியாவில் உள்ளது. டிரான்சில்வேனியாவின் அண்டைப் பகுதியில் பிறந்த ஒருவர் படத்தில் இருந்தார். நாவலை எழுதிய ஸ்டோக்கர் டிரான்சில்வேனியாவைக் கண்ணால் கண்டதே இல்லை. நூலகங்களில் படித்த குறிப்புகளைக் கொண்டே அந்நிலத்தை எழுதினார். படத்தை இயக்கிய டாட் பிரௌனிங் அமெரிக்கர். ஆகவே ஏட்டிலிருந்து எழுதப்பட்ட ஒரு நிலத்தை, கலிஃபோர்னியாவில் மரத்தாலும் சாந்தாலும் எழுப்பினார்கள். அந்நிலத்தில் உலவ விடுவதற்கு அமெரிக்க விலங்குகளே கைக்கெட்டும் தொலைவில் இருந்தன. ஆர்மடில்லோவோடு ஓபோசம் என்ற அமெரிக்க விலங்கும் கோட்டையின் கல்லறைக் காட்சியில் தலைகாட்டுகிறது.

கைக்கெட்டியது என்பதால் மட்டும் அது தேர்ந்தெடுக்கப்படவில்லை என்று நான் கருதுகிறேன். ஆர்மடில்லோ இரவில் உலவுவது, மண்ணைத் தோண்டி வளையில் வாழ்வது. அது கல்லறைகளைத் தோண்டும் என்ற நம்பிக்கை அமெரிக்காவின் தென்பகுதியில் வழங்கியது. மெக்சிகோவிலிருந்து ரியோ கிராண்டே ஆற்றைக் கடந்து டெக்சாசுக்குள் அது நுழைந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான். நாட்டின் வடபகுதியில் வாழ்ந்த பெரும்பாலோர் அன்று அதை நேரில் கண்டிருக்க வாய்ப்பில்லை. பார்வையாளருள் பலருக்கு அது பெயர் தெரியாத ஒரு நிலவறை உயிர். டிரான்சில்வேனியாவும் பெயரளவில் மட்டும் தெரிந்த இடமாதலால் இரண்டும் பொருந்திப்போயின.

டெக்சாசில் நிலைமை வேறு. பெருமந்தக் காலத்தில் இறைச்சி வாங்க வழியற்ற ஏழைகள் அங்கே ஆர்மடில்லோவைப் பிடித்து உண்டார்கள். அன்றைய குடியரசுத் தலைவர் ஹெர்பர்ட் ஹூவரைக் குத்திக்காட்டி அதற்கு ‘ஹூவர் பன்றி’ என்று பெயரிட்டார்கள். வறுமையில் வாடியவர்கள் அவ்விலங்கைக் கேலிக்குரிய பெயரால் அழைத்துச் சிரித்துக்கொண்டது கிளீவ்லாந்துத் தம்பதிக்குத் தெரியாது. வாடகை பாக்கிக்கு அஞ்சி இருளில் அமர்ந்திருந்தபோது அவர்களும் அதே விலங்கிடம் வந்துசேர்ந்தார்கள். இதை நான் தற்செயல் என்றே கொள்கிறேன். இருப்பினும் அவரிடம் சொல்லத் தகுந்த தற்செயல் என்று எண்ணினேன்.

படத்தின் ஒளிப்பதிவாளர் கார்ல் ஃபிராய்ண்ட். ஜெர்மனியில் ‘மெட்ரோபோலிஸ்’ போன்ற படங்களில் பணியாற்றியபின் அமெரிக்கா வந்தவர். கோட்டையின் நிலவறையில் மெல்ல ஊர்ந்து செல்லும் அந்தக் காமிரா அவருடையது. அதே ஃபிராய்ண்ட் இருபது ஆண்டுகள் கழித்து, 1951இல் தொடங்கிய ‘ஐ லவ் லூசி’ தொலைக்காட்சித் தொடருக்கு ஒளிப்பதிவு செய்தார். நிஜவாழ்விலும் கணவன் மனைவியான தேசி ஆர்னாஸும் லூசில் பாலும் அதில் தம்பதியாக நடித்தார்கள். பல காமிராக்களை ஒரே நேரத்தில் இயக்கி, நேரில் அமர்ந்திருக்கும் பார்வையாளரின் சிரிப்பொலியோடு படமாக்கும் முறையை நிலைபெறச் செய்ததில் ஃபிராய்ண்டுக்குப் பெரும்பங்கு உண்டு. ஓர் அடுக்ககத்தில் வாழும் தம்பதியும், அதே கட்டடத்தில் குடியிருக்கும் வீட்டு உரிமையாளர்களுமே அத்தொடரின் முதன்மைப் பாத்திரங்கள். அச்சத்தின் கோட்டையைப் படம்பிடித்தவரே வரவேற்பறைச் சிரிப்பையும் படம்பிடித்தார்.

அக்கோட்டையில் இன்னொரு தம்பதியின் கதையும் உண்டு. பேசும்படம் வந்த புதிதில் அயல்மொழிச் சந்தையை இழந்துவிடாமல் இருக்க, ஒரே கதையை வெவ்வேறு மொழிகளில் தனித்தனியாகப் படமாக்கும் வழக்கம் ஹாலிவுட்டில் இருந்தது. ‘டிராகுலா’வின் ஆங்கிலக் குழு பகலில் படமாக்கிவிட்டுச் சென்றபின், அதே அரங்குகளில் இரவு முழுதும் ஒரு ஸ்பானியக் குழு படமாக்கியது. அதன் இயக்குநர் ஜார்ஜ் மெல்ஃபர்டுக்கு ஸ்பானிய மொழி தெரியாது. கதாநாயகி மெக்சிகோவைச் சேர்ந்த லூபிதா தோவர். தயாரிப்பைக் கவனித்த பால் கோனர் அவர்மேல் காதல் கொண்டிருந்தார். லூபிதா மெக்சிகோவுக்குத் திரும்பிவிட எண்ணிய வேளையில், ஸ்பானிய மொழிப் படங்கள் எடுக்கும் யோசனையை நிறுவனத் தலைவரிடம் கோனர் கொண்டுசென்றார் என்று திரைப்பட வரலாறுகள் கூறுகின்றன. இருவரும் 1932இல் மணந்துகொண்டார்கள். கோனர் 1988இல் மறைந்தார். லூபிதா 2016இல், தம் 106ஆம் வயதில் மறைந்தார். நெடுங்காலம் முழுமையாகக் கிடைக்காதிருந்த அந்த ஸ்பானியப் படத்தின் குறையை ஹவானாவின் ஆவணக் காப்பகத்தில் இருந்த பிரதி நிறைவு செய்தது. படம் மீண்டது. அந்த இரவுகளில், அரங்கின் ஓரத்தில் அவ்விருவரும் தமக்குள் பேசிச் சிரித்தவை எந்தக் காப்பகத்திலும் இல்லை.

அடுத்து, படம் வீட்டுக்குள் வந்த கதை. தொலைக்காட்சியைப் போட்டியாகக் கருதிய பெரிய நிறுவனங்கள் தம் பழைய படங்களை நெடுநாள் அதற்குத் தரவில்லை. ஆர்.கே.ஓ. நிறுவனத்தின் படத்தொகுப்பு 1955இல் விற்கப்பட்டபின் அந்த அணை உடைந்தது. 1957 இலையுதிர் காலத்தில் யுனிவர்சலின் 52 பழைய படங்கள், ‘ஷாக்’ என்ற பெயரில் ஒரே தொகுப்பாக, ஸ்கிரீன் ஜெம்ஸ் நிறுவனத்தின் வழியாக உள்ளூர்த் தொலைக்காட்சி நிலையங்களுக்குக் கிடைத்தன. ‘டிராகுலா’வும் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’னும் அவற்றுள் அடங்கும். நிலையங்களுக்கோ வார இறுதிப் பின்னிரவுகளை மலிவாக நிரப்ப ஏதேனும் வேண்டியிருந்தது. கால் நூற்றாண்டுக்கு முன் பெற்றோரை அஞ்சவைத்த படங்களைப் பிள்ளைகள் வீட்டுச் சோபாவில் அமர்ந்து பார்த்தார்கள்.

மூன்றாவது, பதில் பேசும் துணிவு. இப்படங்களை வழங்குவதற்கென்றே தொகுப்பாளர்கள் தோன்றினார்கள். மைலா நுர்மி 1954இல் லாஸ் ஏஞ்சலிஸில் ‘வாம்பைரா’ என்ற வேடத்தில் தொடங்கி வைத்தார். பிலடெல்ஃபியாவில் ஜான் சாக்கர்லி 1957முதல் சவப்பெட்டிகளுக்கு நடுவே நின்று படத்தைக் கேலி செய்தார். ஓடிக்கொண்டிருக்கும் படத்தின் நடுவே தம் உருவத்தையும் புகுத்தினார். கிளீவ்லாந்தில் 1963முதல் 1966வரை எர்னி ஆண்டர்சன் ‘கூலார்டி’ என்ற வேடத்தில் வந்தார். ஒட்டுத்தாடியும் ஒரு பக்கக் கண்ணாடி இல்லாத கறுப்புக்கண்ணாடியும் அவர் அடையாளங்கள். படம் மோசமாக இருந்தால் அவரே அதைச் சொல்வார். பொருந்தாத ஒலிகளையும் துண்டுக்காட்சிகளையும் படத்தின் நடுவே செருகுவார். வழக்கில் இருந்த ஒரு வசைச்சொல்லை எழுத்து மாற்றித் திருப்பிப்போட்டுப் புதுச்சொல்லாக வழங்கவிட்டார். பார்மா என்ற புறநகரை அவர் செய்த கேலி நகரமெங்கும் பரவியது. ஊர் முழுவதற்குமான ஓர் உட்கேலியை அவர் உருவாக்கினார் என்று சொல்லலாம்.

நம் தம்பதி அப்போது அந்நகரில் பள்ளி மாணவர்கள். வெள்ளிக்கிழமை இரவு கூலார்டி சொன்னதைத் திங்கட்கிழமை வகுப்பறையில் திருப்பிச் சொல்லத் தெரியாதவர் தனிமைப்படுவார் என்று அந்த அம்மையார் ஒருமுறை என்னிடம் சொன்னார். திரையில் நடப்பதற்கு வாய் திறந்து பதில் சொல்லலாம் என்பது அவர்கள் தாமாகக் கண்டுபிடித்ததன்று. ஒரு நகரத்துத் தலைமுறை பயின்ற பழக்கம் அது.

‘டிராகுலா’ இதற்கு மிகவும் ஏற்ற படம். பேசும்படத்தின் தொடக்க காலத்தைச் சேர்ந்த அதில் பின்னணி இசை ஏறத்தாழ இல்லை. தலைப்பின்போது சாய்கோவ்ஸ்கியின் இசை ஒலிக்கிறது. பின்னர் இசையரங்கக் காட்சியில் சிறிது. மற்றபடி நீண்ட மௌனங்கள். லுகோசி சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்டுப் பேசுகிறார். 1931இல் அம்மௌனம் அச்சத்தை வளர்த்தது. வீட்டு வரவேற்பறையில் அதே மௌனம், பார்ப்பவர் தம் சொல்லை வைப்பதற்கான வெற்றிடமாயிற்று. 1999இல் ஃபிலிப் கிளாஸ் இப்படத்துக்குப் புதிதாக இசை அமைத்தார். அந்தப் பதிப்பை ஒருமுறை பார்த்த தம்பதிக்கு அது பிடிக்கவில்லை. நாங்கள் பேசுவதற்கு அவர் இடம் விடவில்லை என்றார் கணவர். ஒலி வடிவமைப்பைப் பற்றி நான் கேட்ட சிறந்த விமரிசனங்களுள் அது ஒன்று.

இனி அந்த இரவு. அயர்லாந்தின் பழைய சவ்வின் விழாவும் கிறித்தவர்களின் அனைத்துப் புனிதர் நாளும் சேர்ந்து உருவான ஹாலோவீன், 1840களின் பஞ்சத்தால் பெருகிய ஐரிஷ் குடியேற்றத்தோடு அமெரிக்காவில் வேரூன்றியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது இளைஞர்களின் குறும்புக்கும் சேதங்களுக்கும் பேர்போன இரவு. அதை அடக்கும் பொருட்டு 1930களில் ஊரமைப்புகள் ஊர்வலங்களையும் விருந்துகளையும் ஊக்குவித்தன; வீடுவீடாகச் சென்று இனிப்புக் கேட்கும் வழக்கமும் பரவியது. போர்க்காலச் சர்க்கரைப் பங்கீடு அதை நிறுத்திவைத்தது. பங்கீடு 1947இல் முடிந்தபின், புறநகர்களின் வளர்ச்சியோடு அவ்வழக்கம் நிலைபெற்றது.

இவ்வழக்கத்தின் ஒரு விளைவை ஆய்வாளர்கள் போதிய அளவு கவனிக்கவில்லை என்பது என் எண்ணம். குழந்தைகள் தெருவில் சுற்றும்போது பெரியவர்கள் வாசலுக்கு அருகிலேயே வீட்டில் அமர்ந்திருக்க வேண்டும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை எழுந்து கதவைத் திறக்க வேண்டும். புதிய படத்தை அப்படிப் பார்க்க இயலாது. கதை தெரிந்த, இடையில் எழுந்து போனாலும் இழப்பில்லாத பழைய படமே அதற்குத் தோது. ஹாலோவீன் இரவின் பழைய படம் என்ற வழக்கத்துக்குப் பேய்க்கதை எவ்வளவு காரணமோ, அழைப்புமணியும் அவ்வளவு காரணம். விளக்கு எரிந்தால் வரலாம், அணைந்திருந்தால் வரவேண்டா என்பது எழுதப்படாத விதி. அந்த விதியைப் பற்றிக்கொண்டுதான் வாடகை கொடுக்க முடியாத ஓர் இளம் தம்பதி தம் வறுமையை ஓர் இரவு மறைத்துக்கொண்டது. விளக்கை அணைத்தும் மணி அடித்தது. சிரிப்பு பிறந்தது.

இங்கே ஆய்வுமுறை குறித்து ஓர் ஐயம் எழும். ஐம்பது ஆண்டுகளுக்கு முந்தைய ஓர் இரவைப் பற்றிய நினைவை எப்படிச் சான்றாகக் கொள்வது? விலங்கும் மணியும் ஒரே கணத்தில் வந்தன என்பது கதைக்காகக் கூர்மைப்படுத்தப்பட்டதாகவும் இருக்கலாம். அந்த முதல் வாசகத்தைச் சொன்னது யார் என்பதில்கூட அவர்களிடையே உடன்பாடு இல்லை. கணவர் அதை மனைவி சொன்னதாகச் சொல்வார். மனைவி அதைக் கணவர் சொன்னதாகச் சொல்வார். இருவரும் பெருமையை மற்றவருக்கே அளித்தார்கள்.

இத்தாலியின் தெர்னி நகரில் 1949இல் காவல்துறையால் கொல்லப்பட்ட லூயிஜி திராஸ்துல்லி என்ற தொழிலாளியின் சாவை, அந்நகரத் தொழிலாளர்கள் பிற்காலத்தில் 1953ஆம் ஆண்டின் ஆட்குறைப்புப் போராட்டத்தோடு சேர்த்து நினைவுகூர்ந்தார்கள். அலெசாண்ட்ரோ போர்த்தெல்லி அந்தப் பிழையைத் திருத்திவிட்டு நகர்ந்துவிடவில்லை. அப்பிழை அவர்களுக்கு ஏன் தேவைப்பட்டது என்று கேட்டார். வாய்மொழி வரலாற்றாய்வின் முக்கியமான கேள்விகளுள் ஒன்று அது. இத்தம்பதியின் நினைவிலும் எனக்கு வேண்டியது அந்த இரவின் மணித்துளிக் கணக்கன்று. அச்சமும் அவமானமும் கலந்த ஓர் இரவை, ஆண்டுதோறும் இரண்டு வாசகங்களில் சிரிப்பாக மாற்றிக்கொண்ட அந்தப் பழக்கமே சான்று.

இதிலிருந்து நான் பெறும் முடிபு எளியது. திகில் படத்தின் அச்சம் ஒரு தலைமுறையோடு தேய்ந்துவிடுகிறது. அதிலுள்ள பிழை நீடிக்கிறது. குறையின்றி எடுக்கப்பட்ட காட்சியை நாம் வியந்து பார்த்துவிட்டு விலகுகிறோம். பிழையுள்ள காட்சியில் நமக்கு ஓர் இடம் கிடைக்கிறது. அதில் நம் சொந்த வாழ்க்கையைக் கொண்டுபோய் வைத்துவிடலாம். பழைய படங்களைத் திரும்பத் திரும்பப் பார்க்கும் வீடுகளில் இது ஓயாமல் நடந்துவந்திருக்கிறது. ஆயினும் நம் துறையின் சான்றுகளில் அது பதிவதில்லை. விமரிசனங்கள், வசூல் கணக்குகள், தணிக்கைக் கோப்புகள், 1958இல் தொடங்கிய ‘ஃபேமஸ் மான்ஸ்டர்ஸ்’ போன்ற ரசிகர் இதழ்கள் ஆகியவை இருக்கின்றன. ஒரு சோபாவில் இருவர் பேசிக்கொண்டதற்குக் கோப்பு இல்லை.

நதாலியா கின்ஸ்பர்க் 1963இல் வெளியிட்ட தம் நூலில், பாசிசக் காலத்தில் சிதறுண்ட தம் குடும்பத்தின் வீட்டுச் சொற்களைக் கொண்டே அக்குடும்பத்தின் வரலாற்றை எழுதினார். தந்தையின் வசவுகளும் தாயின் வழக்கமான கதைகளும் அதில் ஆவணங்களாகின்றன. அவர் எழுதியதால் அச்சொற்கள் எஞ்சின. மொழிகள் அழிவதைப் பற்றி நாம் கருத்தரங்குகள் நடத்துகிறோம், அது வேண்டியதே. இருவர் மட்டும் பேசும் மொழி ஒன்று ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறது. ஒருவர் மறைந்த அன்றே அது பேச ஆளற்றுப் போகிறது. எஞ்சியவர் சொற்களை எல்லாம் அறிந்திருந்தும் அதைப் பேச முடியாது.

இதை எழுதும் உரிமை எனக்கு உண்டா என்றும் தயங்கினேன். விளக்கப்பட்ட வேடிக்கை வேடிக்கையாக இருப்பதில்லை. இதை வாசிக்கும் நீங்கள் இப்போது அவ்விரு வாசகங்களின் பின்னணியை அறிவீர்கள். ஆனாலும் கண்ணில் நீர் வரச் சிரிக்க மாட்டீர்கள். சான்று உங்களிடம் வந்துவிட்டது, சிரிப்பு வரவில்லை. என் தயக்கத்தை அவருக்கு எழுதினேன். “எழுது. என்னோடு அது போவதைவிட, புரியாதவர்களிடமாவது இருக்கட்டும்” என்று பதில் வந்தது.

அவருடைய கேள்விக்கான விடையை நேற்றிரவு அனுப்பினேன். கலிஃபோர்னிய அரங்கு, மண் தோண்டும் விலங்கு, கல்லறை நம்பிக்கை, ஹூவர் பன்றி, எல்லாவற்றையும் எழுதினேன். கடைசியில், அவர் மனைவி சொல்லும் அந்த மறுமொழியையும் ஒரு வரியாகச் சேர்த்திருந்தேன். அனுப்புமுன் அதை மட்டும் நீக்கிவிட்டேன். அது என்னுடையதன்று.

கிளீவ்லாந்தில் இப்போது அந்தி சாயும் நேரம். வாசல் விளக்கை இவ்வாண்டும் ஏற்றப்போவதாக எழுதியிருக்கிறார். மிட்டாய் போதிய அளவு வாங்கிவைத்திருக்கிறாராம்.

இதை வாசிக்கும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஊருக்குச் செல்லும்போது, உங்கள் தாத்தா பாட்டி தமக்குள் மட்டும் சொல்லிச் சிரிக்கும் ஒரு சொல்லேனும் உண்டா என்று கேளுங்கள். அது எங்கிருந்து வந்தது, அப்போது வீட்டில் என்ன குறை இருந்தது, கதவைத் தட்டியவர் யார் என்பதையும் கேட்டு, நாளும் இடமும் இட்டு எழுதிவையுங்கள். இருவரும் இருக்கும்போதே கேளுங்கள்.